பிரெஞ்சு, ஜெர்மன் படித்தால் என்ன வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவு வந்தால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பெற்றோர் கேட்கிற கேள்விகளில் இப்போது இதுவும் ஒன்று: "பி.ஏ. பிரெஞ்சு, ஜெர்மன் என்று சேர்த்துவிட்டால் பிள்ளைக்கு என்ன வேலை கிடைக்கும்?" கொட்டிக் கிடக்கிறது என்கிறது விளம்பரப் பலகை. ஒன்றும் கிடைக்காது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டையும் நம்ப வேண்டாம். மொழிக்காக மட்டும் சம்பளம் தரும் வேலைகள் மூன்றுதான்: சொல்லிக்கொடுப்பது, எழுத்தில் மொழிபெயர்ப்பது, பேச்சில் மொழிபெயர்ப்பது. மற்ற இடங்களில் கணக்குக்கோ, கொள்முதலுக்கோ, வாடிக்கையாளர் சேவைக்கோதான் ஆள் எடுக்கிறார்கள். அந்த வேலையை அந்த மொழியில் செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது கூடுதல் தகுதி. ஆகவே 'எந்த மொழி' என்ற கேள்வியோடு 'எந்த நிலை வரை, கூடவே எந்தத் தொழில்' என்றும் கேட்டாக வேண்டும்.

நிலை என்பது மதிப்பெண் அல்ல. பகுதி 1 எனும் மொழிப் பாடத்தில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்து 95 வாங்கியவர்கள் நம் ஊரில் நிறைய. அந்தத் தேர்வு பெரும்பாலும் எழுத்துத் தேர்வு. கோடிட்ட இடம், வினைச்சொல் மாற்றம், பாடத்திலிருந்தே ஒரு பத்தி மொழிபெயர்ப்பு என்று போகும். வேகமாகப் பேசுவதைக் கேட்டுப் புரிந்துகொள்ள முடிகிறதா, கேட்ட கேள்விக்கு அந்த நொடியே பதில் வருகிறதா என்று அதில் தெரியாது. கம்பெனிக்காரர் கேட்பதோ ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு ஐரோப்பிய நிலைகளில் பிள்ளை எதில் இருக்கிறது என்று. ஏ2 சான்றிதழை மட்டும் வைத்து வேலை தேடுவது வீண். பி1-க்கு அங்கொன்றும் இங்கொன்றும் அமையும். வாசல் திறப்பது பி2-ல். ஆசிரியராகவோ மொழிபெயர்ப்பாளராகவோ நிற்க வேண்டுமானால் சி1.

பி2-க்கு எவ்வளவு காலம்? ஜெர்மனுக்கு, அந்த மொழித் தேர்வுகளை நடத்தும் கோத்தே நிறுவனம் சொல்லும் கணக்கு, 45 நிமிடப் பாடவேளை 600 முதல் 800 வரை. பி1-க்கே 350 முதல் 650. '90 நாளில் பி2' என்ற விளம்பரத்தை இதோடு வைத்துப் பாருங்கள். நாளைக்கு மூன்று மணி நேரம், ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் நடத்தினாலும் 90 நாளில் 270 மணி நேரம். பாடவேளையில் 360. பி1-க்குச் சொன்ன கணக்கின் அடிமட்டத்தைத்தான் தொடுகிறது. சேரும் முன்பு மொத்தப் பாடவேளை எத்தனை, நடத்துகிறவர் எந்த நிலைச் சான்றிதழ் வைத்திருக்கிறார் என்ற இரண்டு கேள்வியைக் கேட்டாலே பாதி உண்மை தெரிந்துவிடும். பி2 முடித்த கையோடு பி1 வகுப்பு எடுக்க வருபவர்கள் இருக்கிறார்கள். மாணவர் ஒரு வாக்கியத்தை ஏன் தவறு என்கிறீர்கள் என்று கேட்டால் இவர்களிடம் விளக்கம் இருக்காது. கற்பிப்பவர் சி1-ஆவது வைத்திருப்பது நல்லது.

இதற்குள்ளேயே மொழிப் பட்டதாரிக்கு ஒரு வேலை இருக்கிறது. ஜெர்மனிக்குப் போகத் தயாராகும் நர்ஸ்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். நர்ஸாக அங்கே முழு அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லித்தரச் சரியான ஆள் போதவில்லை. ஜெர்மன் பட்டமும் சி1-ம் வைத்திருப்பவர் சென்னைக்குப் போகாமலே வேலை பார்க்கலாம். பள்ளி ஆசிரியராக விரும்பினால் பி.எட். தேவை, கல்லூரி என்றால் யு.ஜி.சி. நெட். பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ரஷ்யன், அரபு, ஜப்பானியம், சீனம் எல்லாம் அந்தத் தேர்வில் பாடங்களாக உள்ளன.

தேர்வுகளில் எங்கே சறுக்குகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கோத்தே பி1 தேர்வு வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும். ஒன்றில் விழுந்தால் அந்த ஒன்றை மட்டும் திரும்ப எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாமல் முழுக் கட்டணத்தையும் மறுபடி கட்டுகிறார்கள். எழுதுதலில் 60 நிமிடத்துக்குள் மூன்று கடிதம் போன்றவை. நண்பருக்கு எழுதுவதில் 'டு', அலுவலகத்துக்கு எழுதுவதில் 'ஸீ' என்று வர வேண்டும். தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிட எளிதான பாடம் கிடையாது. நம்மிடம் 'நீ', 'நீங்கள்' இருக்கிறது. ஆனால் ஆங்கிலம் வழியாகச் சொல்லிக்கொடுப்பதால் இரண்டுமே 'யூ' ஆகி, ஒரே கடிதத்துக்குள் கலந்து மதிப்பெண் போகிறது. பிரெஞ்சின் டெல்ஃப் தேர்வில் மொத்தம் 100-க்கு 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 25-க்கு 5-க்குக் கீழே போகக் கூடாது. ஜப்பானிய மொழித் தேர்வான ஜே.எல்.பி.டி. வேறு வகை; அதில் என்5 தொடக்க நிலை, என்1 உச்சம். என்3-க்கு 180-க்கு 95 எடுத்தாலும், மூன்று பகுதிகளில் ஒன்றில் 60-க்கு 19 வராவிட்டால் தோல்வி. அதில் பேச்சுத் தேர்வே இல்லை, எழுதுவதும் இல்லை; எல்லாம் விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். அதனால்தான் என்3 சான்றிதழோடு போகிறவர் நேர்முகத்தில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளவே திணறுகிறார். பேச்சுப் பயிற்சியைத் தனியாகத் தேடிக்கொள்ள வேண்டும்.

இனி வேலைகள். எண்ணிக்கையில் அதிகம் இருப்பது சென்னை, பெங்களூரு, திருவனந்தபுரம் டெக்னோபார்க் போன்ற இடங்களில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கணக்கும் வாடிக்கையாளர் சேவையும் பார்க்கும் அலுவலகங்களில். அங்கே மொழி தெரிந்தவர் தடுமாறுவது இலக்கணத்தில் அல்ல, எண்ணில். ஜெர்மன் பில் ஒன்றில் 1.250 என்று அச்சாகியிருந்தால் அது ஒன்றே கால் இல்லை, ஆயிரத்து இருநூற்று ஐம்பது. அவர்கள் ஆயிரத்துக்குப் புள்ளியும் காசுக்குக் காற்புள்ளியும் வைப்பார்கள்; 1.250,75 என்று வரும். அவசரத்தில் கணினியில் ஏற்றினால் பணம் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். வாயால் சொல்லும்போது இன்னொரு சிக்கல்: 42-ஐ அவர்கள் 'இரண்டும் நாற்பதும்' என்பார்கள். காதில் விழுந்த வரிசையில் எழுதினால் 24. பிரெஞ்சில் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். 97 என்பது 'காத்ர்-வேன்-தீ-ஸெத்'. நான்கு இருபது பத்து ஏழு என்று பொருள். 'காத்ர்' கேட்டதும் 4 என்று எழுதத் தொடங்கியவர் அந்த அழைப்பைத் தொலைத்துவிட்டார். இந்தப் பயிற்சியைக் கல்லூரியில் பத்து நாள் கொடுத்தால் போதும், யாரும் கொடுப்பதில்லை. இவ்வகை வேலைக்கு பி.காம். படித்துக்கொண்டே ஜெர்மனில் பி2 எடுத்தவருக்கு, பி.ஏ. ஜெர்மன் மட்டும் படித்தவரைவிட மவுசு அதிகம். மொழிப் பட்டம் படிப்பவர் கணக்கியல் அடிப்படையும் எக்செல்லும் சேர்த்துக் கற்றுக்கொள்வது அந்த இடைவெளியை அடைக்கும்.

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் ஹூண்டாய், சாம்சங் முதலிய ஆலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் கொரிய, ஜப்பானியக் கம்பெனிகளும் இருப்பதால் பேச்சு மொழிபெயர்ப்பாளர்கள் தேவைப்படுகிறார்கள். கோட்டு சூட்டு போட்டு மாநாட்டில் உட்காரும் வேலை என்று நினைத்துப் போகக் கூடாது. வெளிநாட்டு இன்ஜினீயருக்கும் இயந்திரம் ஓட்டும் தமிழ்த் தொழிலாளிக்கும் நடுவில், சத்தத்தில், நின்றுகொண்டே செய்ய வேண்டிய வேலை. அச்சு, பர் (உலோக விளிம்பில் நிற்கும் பிசிறு), வெல்டிங், டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) இதெல்லாம் தெரியாதவருக்கு என்2 இருந்தும் பயனில்லை. தமிழ் நன்றாகப் பேசத் தெரிவது இங்கே தகுதி. ஜப்பானிய எண்ணில் 10,000 ஒரு 'மான்'. பத்து மான் ஒரு லட்சம் என்று தமிழில் நினைத்தால் உடனே பிடிபடும். மில்லியனுக்குள் போனால்தான் குழப்பம். ஆவணங்களில் ஆண்டு, பேரரசரின் ஆட்சிக்காலக் கணக்கில் 'ரெய்வா 7' என்று இருந்தால் 2018-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும்: 2025.

எழுத்து மொழிபெயர்ப்புக்கு வருவோம். ஜெர்மனிலிருந்து தமிழுக்கு வேலை மிகக் குறைவு. ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்குத்தான் சந்தை. ஆகவே ஆங்கில எழுத்து நடை சுத்தமாக இல்லாதவர் எவ்வளவு ஜெர்மன் படித்தும் நிலைக்க முடியாது. கூலி இந்தியாவில் சொல் கணக்கு, ஜெர்மனியில் இடைவெளியோடு 55 எழுத்து கொண்ட 'நியம வரி' கணக்கு. பழகியவர் ஒரு நாளில் செய்யக்கூடியது ஏறத்தாழ 2,000 சொல். ஓமேகாடி என்ற மென்பொருள் இலவசம். முன்பு மொழிபெயர்த்த வாக்கியங்களைச் சேமித்து வைத்து மறுபடி காட்டும். படிக்கும்போதே இதில் பழகிவிடலாம். மாதிரிக்கு 250, 300 சொல் இலவசமாகக் கேட்பது தொழில் வழக்கம். பத்துப் பக்கம் கேட்டாலோ, பதிவுக் கட்டணம் கேட்டாலோ அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

'மெஷின் வந்துவிட்டதே' என்பார்கள். உண்மைதான். இப்போது வரும் வேலையில் கணிசமான பங்கு, இயந்திரம் மொழிபெயர்த்ததைத் திருத்துவது, கூலியும் குறைவு. ஆனால் திருத்துபவருக்குத் துறை தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மன் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் 'ந்யூஷ்டெர்ன்' என்று வந்தால் வெறும் வயிற்றில் என்று பொருள். அதே சொல்லுக்குக் குடிபோதையில் இல்லாதவர் என்றும் பொருள் உண்டு. 'ரெட்செப்ட்' மருந்துச் சீட்டாகவும் இருக்கும், சமையல் குறிப்பாகவும் இருக்கும். 'பில்லியோன்' ஆங்கில பில்லியன் அல்ல, அதைப்போல் ஆயிரம் மடங்கு. சரளமாக இருக்கும் வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கும் இப்படிப்பட்ட தவறைக் கண்டுபிடிப்பவருக்குத்தான் அடுத்த வேலை வரும். ஐ.எஸ்.ஓ. 17100 என்ற தரவிதி மொழிபெயர்ப்பைச் செய்தவர் தவிர இரண்டாவது ஆள் ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்கிறது. அந்த இரண்டாவது ஆளுக்கும் மொழிபெயர்ப்பாளருக்குரிய தகுதியும் அந்தத் துறையில் அனுபவமும் வேண்டும் என்பதால், புதியவர்கள் நேராக அந்த இடத்துக்குப் போக முடியாது.

அரபு நம் மாவட்டத்தில் அலட்சியப்படுத்தப்படும் மொழி. கல்ஃபுக்குப் போகாத தெரு இங்கே குறைவு, ஒப்பந்தம் அரபியில் இருக்கும், படித்துச் சொல்ல ஆளில்லை. அரபு எண்ணில் வட்டம் போட்டிருந்தால் அது ஐந்து. பூஜ்யம் வெறும் புள்ளி. ஆங்கில 'வி' போல இருந்தால் ஏழு, கவிழ்ந்திருந்தால் எட்டு. எழுத்து வலமிருந்து இடம் போனாலும் எண் இடமிருந்து வலம்தான். ஆக ஒரு கோடு, ஒரு வட்டம், இரண்டு புள்ளி என்றால் 1,500. மதரசாவில் கற்ற அரபு ஒப்பந்தத்தைப் படிக்க உதவும். அங்குள்ள பேச்சு வேறு, அதைத் தனியாகப் பழக வேண்டும். கம்பெனிகளின் அரசாங்கக் காகித வேலையைப் பார்க்கும் பி.ஆர்.ஓ. பணிக்கும், அங்கே அரசு விண்ணப்பங்களை நிரப்பித் தரும் டைப்பிங் சென்டர்களுக்கும் இப்படிப் பழகியவர்கள் தேவை.

கன்னியாகுமரியிலும் பத்மநாபபுரம் அரண்மனையிலும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு வழிகாட்டி வேலையும் உண்டு. ஆனால் கோவளம் தொடங்கி இந்தப் பக்கம் முழுவதும் வெளிநாட்டார் வருவது பெரும்பாலும் நவம்பரிலிருந்து மார்ச் வரை. மீதி மாதங்களுக்கு வேறு வருமானம் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். உதயகிரிக் கோட்டையில், டச்சுக் கம்பெனியிலிருந்து வந்து திருவிதாங்கூர்ப் படைத் தளபதியான டி லனாயின் கல்லறையில் லத்தீனும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அதை ஒரு பயணிக்கு அவர் மொழியிலேயே விளக்க நம் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

அரசு வேலையை நம்பி மொழிப் பட்டம் சேருபவருக்கு ஒரு தகவல்: யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் பிரெஞ்சு, ஜெர்மன், அரபு முதலிய வெளிநாட்டு மொழி இலக்கியங்கள் 2013-ல் விருப்பப் பாடப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன. வெளிநாட்டுப் பணிக்குத் தேர்வானவர்களுக்கு மொழியை அவர்களே ஒதுக்கிக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

படிக்க இடம் தேடுபவர்களுக்கு, டெல்லி ஜே.என்.யு.வில் பி.ஏ. மொழிப் படிப்பு அகரத்திலிருந்தே தொடங்கும். நுழைவு, பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான 'க்யூட்' வழியே. ஹைதராபாத்தில் ஆங்கிலம், அயல்மொழிகளுக்கான பல்கலைக்கழகமான இஃப்லுவிலும் பல மொழிகள் உண்டு. பக்கத்திலேயே வேண்டுமென்றால் கேரளப் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன், ரஷ்யன், அரபுத் துறைகள் இருக்கின்றன. மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலில் தினமும் போய்வரலாம்.

நம் மாவட்டக் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பகுதி 1-ல் வெளிநாட்டு மொழி நடத்தும் கல்லூரிகள், நான்காம் பருவம் முடியும்போது அந்த மாணவர்களை டெல்ஃப் அல்லது கோத்தே ஏ2 தேர்வுக்கு ஒன்றாகப் பதிவு செய்து, ஒரு பேருந்து பிடித்துத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பலாம். ஏ2-ஐ வைத்து வேலை கிடைக்காது என்று மேலே எழுதியது உண்மைதான். ஆனால் 95 மதிப்பெண்ணுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது பிள்ளைக்கு அன்றே தெரியும். பி1-க்குப் படிக்க இன்னும் ஓராண்டு கையில் இருக்கும்.

இப்படிக்கு,
வெளிநாட்டு மொழி ஆசிரியர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்