டப்ளினிலிருந்து, உனக்காக ஒரு தீ விபத்துக் கதை

அன்புள்ள ராமலிங்கம்,

நலம்தானே? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நாங்கள் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. இங்கே ஜூன் மாதத்திலும் ஸ்வெட்டர் இல்லாமல் வாசலுக்கு வர முடியவில்லை.

சனிக்கிழமை மாப்பிள்ளை என்னை ஐரிஷ் விஸ்கி மியூசியத்துக்குக் கூட்டிப்போனார். டிரினிட்டி கல்லூரிக்கு எதிரிலேயே இருக்கிறது. ஈனியாஸ் காஃபி என்ற முன்னாள் கலால் அதிகாரி 1830-இல் சாராயத்தை ஓயாமல் வடிக்கிற கருவிக்குக் காப்புரிமை வாங்கினாராம். சொந்த ஊரின் பெரிய முதலாளிகள் அதைத் தொடவில்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் எடுத்துக்கொண்டு முன்னேறிவிட்டார்கள். கடைசியில் ருசி பார்க்கக் கொடுத்த கிளாஸ்களை மாப்பிள்ளை பக்கம் நகர்த்திவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1875 ஜூன் 18. லிபர்ட்டீஸ் என்கிற நெருக்கமான பகுதியில், சுமார் 5,000 பீப்பாய் விஸ்கி இருந்த கிடங்கு தீப்பிடித்தது. பீப்பாய்கள் வெடித்து, எரிகிற விஸ்கி தெருவில் ஆறாக ஓடியது. தீயணைப்புத் தலைவர் கேப்டன் இங்கிராம். தண்ணீர் அடித்தால் நெருப்பு இன்னும் பரவும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மணலும் சரளையும் கொட்டியும் நிற்கவில்லை. அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? வண்டி வண்டியாகக் குதிரை லத்தியைக் கொண்டுவரச் சொல்லி அணை கட்டினார். ஈர லத்தி விஸ்கியை உறிஞ்சிக்கொண்டது, நெருப்பு நின்றது. படித்ததும் தீயணைப்புக்காரனான உன் ஞாபகம்தான் வந்தது.

ஆனால் அன்றைக்கு 13 பேர் செத்தார்கள். ஒருவரும் நெருப்பில் சாகவில்லை. தொப்பியிலும் பூட்ஸிலும் அள்ளி அள்ளிக் குடித்தே செத்தார்கள். பீப்பாயில் இருப்பது தண்ணீர் கலக்காத சரக்கு. சாக்கடையோரம் ஓடியதை அப்படியே குடித்திருக்கிறார்கள். நெருப்பைக்கூட அடக்கிவிடலாம், வேடிக்கை பார்க்கிற கூட்டத்தை அடக்க முடியாது என்று சாக்குக் கிடங்கு எரிந்த அன்று கரி முகத்தோடு வந்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னாயே, அதேதான்.

மறுநாள் நான் மட்டும் கிடங்கு இருந்த ஆர்டீ தெருவுக்கு நடந்து போனேன். சாதாரணத் தெரு. கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு வந்தேன். கூலி வேலை செய்து பிழைத்த ஏழைகள் இருந்த இடம். ஓசியில் கிடைத்த ஒரு சாயங்காலம் அவர்களுக்கு எமனாகிவிட்டது. மனசு ஆறவில்லை.

முப்பது வருஷ அனுபவத்தில் ஒன்று சொல். ஒரு பக்கம் நெருப்பு, இன்னொரு பக்கம் குடிக்கிற கூட்டம். நீ முதலில் ஆளை எந்தப் பக்கம் அனுப்பியிருப்பாய்? எழுது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
சுந்தரம்