தட்டின் இடது பக்கம்

பாஸ்டன்,
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் பேசினால் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிடுகிறேன். அதனால்தான் கடிதம். தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து நிதானமாகப் படிக்கச் சொல்.

நைனா வேண்டுமென்று செய்யவில்லை அம்மா. வஞ்சிரம் வறுவலைத் தட்டில் வைத்துக்கொண்டே "மீனே வைக்கலியா" என்று கேட்டாராம், நீ கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாயாம். தம்பி சொன்னான். துண்டு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டேன். இடது பக்கம். சோறும் இடது பாதி அப்படியே கிடந்ததாம், வலது பாதியை மட்டும் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டிருக்கிறார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கண்ணாடி மாற்றலாமா என்று கேட்கிறாய். கண்ணில் கோளாறு இருந்தால்தானே கண்ணாடி மாற்றிப் பயன்? நைனாவுக்குப் பக்கவாதம் வந்தது மூளையின் வலது பக்கத்தில். காதுக்கு மேலே, கொஞ்சம் பின்னால், நம்மைச் சுற்றி இருப்பதில் எதைக் கவனிப்பது என்று பார்த்துக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. அது அடிபட்டால் சிலருக்கு இடது பக்கமே இல்லாமல் போய்விடும். இருட்டாகத் தெரியும் என்று நினைக்காதே. இருட்டாக இருந்தால் தலையைத் திருப்பித் தேடுவாரே. அங்கே ஒரு பக்கம் இருக்கிறது என்ற நினைப்பே வராது. இடது பக்கம் நின்று நீ கூப்பிட்டபோது அவர் திரும்பாததும் இதனால்தான்.

1978இல் இத்தாலியில் பிசியாக், லுட்சாட்டி என்று இரண்டு பேர் இப்படிப்பட்ட நோயாளிகளிடம் ஒன்று கேட்டார்கள். மிலான் ஊரின் பெரிய தேவாலயத்துக்கு எதிரே நிற்பதாக நினைத்துக்கொண்டு, சதுக்கத்தில் என்னென்ன இருக்கிறது சொல்லுங்கள் என்றார்கள். வலது பக்கக் கட்டடங்களை மட்டும் சொன்னார்கள். சரி, இப்போது தேவாலய வாசலில் நின்று இந்தப் பக்கம் பாருங்கள் என்றதும், முன்பு விட்ட கட்டடங்களையெல்லாம் சொன்னார்கள், முன்பு சொன்னதை விட்டுவிட்டார்கள்.

இதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். போன வாரம் வீடியோ காலில் நைனாவிடமே கேட்டேன். "வீட்டுலேர்ந்து காசிமேடு துறைமுகம் போற வழியில என்னென்ன இருக்குது, சொல்லு நைனா." டீக்கடை, ஐஸ் கம்பெனி, வலைக்கடை என்றார். எல்லாம் வலது பக்கம். முப்பது வருஷம் படகு இன்ஜின் பார்க்கப் போன வழி, அம்மன் கோயிலைச் சொல்லவில்லை. "இப்ப துறைமுகத்துலேர்ந்து வீட்டுக்கு வா" என்றேன். முதலில் கோயிலைத்தான் சொன்னார். கேமராவை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அங்கே போய் என்னதான் வேலை செய்கிறாய் என்று கேட்பாயே, இதுதான் அம்மா. கண்ணில் விழுவதை மூளை எப்படிப் பார்வையாக மாற்றுகிறது என்பது. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் சுமார் 10 லட்சம் நரம்பு இழைகள் உள்ளே போகின்றன. இடது பக்கம் தெரிவது மூளையின் வலது பாதிக்கும், வலது பக்கம் தெரிவது இடது பாதிக்கும் போய்ச் சேருகிறது. ஆட்களை ஸ்கேன் மெஷினுக்குள் படுக்கவைத்துப் படம் காட்டி, பின்மண்டையில் எந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் போகிறது என்று பார்க்கிறோம். மெஷின் போடும் சத்தத்தில் நைனாவின் படகு இன்ஜின் ஞாபகம் வரும்.

நான் பஸ்ஸில் போகும் வழியில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஹியூபெல், வீசல் என்ற இருவர் பல வருஷம் அங்கே வேலை செய்தார்கள். பூனையின் மூளையில், ஒரு குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோட்டுக்கு மட்டும் துடிக்கும் செல்களைக் கண்டுபிடித்தவர்கள், 1981இல் நோபல் வாங்கினார்கள். ஆனால் எனக்கு அதைவிடப் பெருமை நம் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். கை போனவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலிக்கு, முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த பெட்டியைக் கொண்டு வழி காட்டிய வி.எஸ். ராமச்சந்திரன் எம்.பி.பி.எஸ். படித்தது அந்த ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில். ஆயாவுக்கு மருந்து வாங்க நாம் வரிசையில் நின்ற அதே இடம்.

இங்கே முழங்கால் வரை பனி. ஆறு உறைந்து கிடக்கிறது. இங்கேயும் மீன் இறங்கும் துறை உண்டு, காட் மீன் கிடைக்கும். குழம்பு வைத்தேன், உன் கைமணம் வரவில்லை.

இனிமேல் செய்ய வேண்டியது. தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டு. "சிவப்பு தெரியுற வரைக்கும் திரும்பு நைனா" என்று ஒவ்வொரு வேளையும் பொறுமையாகச் சொல். தண்ணீர், மருந்து வலது பக்கம் இருக்கட்டும். பேசும்போது வலது பக்கம் தொடங்கி, மெல்ல இடது பக்கம் நகர்ந்து வா, உன் குரலோடு அவரும் திரும்பட்டும். எண்ணூர் விரைவுச் சாலையை அவர் தனியாகக் கடக்கவே கூடாது. இடமிருந்து வரும் கன்டெய்னர் லாரி அவருக்குத் தெரியாது. தம்பி இந்த வாரமே நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போகட்டும். பார்வையிலும் ஒரு பாதி போயிருக்கிறதா என்று தனியாகச் சோதிக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தும் வரும். நாள்பட இது தேறுவதும் உண்டு. கோபித்துக்கொள்ளாதே அம்மா.

நாளைக்கு மத்தியானம் அவர் சாப்பிட்டு முடித்ததும் ஒன்றும் பேசாமல் தட்டை அரைச் சுற்று திருப்பி வை. மீனைப் பார்த்து என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்.

உன் மகள்