அதே ஆட்கள், வேறு பலகை

டப்ளின்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து வெகுநாளாகிவிட்டது. பதில் போடாததற்குக் காரணம் சொன்னால் நீ நம்பப் போவதில்லை, அதனால் சொல்லவில்லை. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததென்று தங்கை சொன்னாள். நீ ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்ததையும் சொன்னாள். நன்றி சொன்னால் திட்டுவாய், விட்டுவிடுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் வயலின் கற்கிறாள், அக்கம்பக்கத்தார் பெருந்தன்மையானவர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தில் முக்கால்வாசி உங்கள் இசைக்குழுப் பாடகன் பாபுவைப் பற்றித்தான். அவனைத் தனியாகப் பாடக் கூப்பிட்டுவிட்டார்கள், சுவரொட்டியில் அவன் முகம் மட்டும் இருக்கிறது, குழுவின் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும், இனி எதற்கு இந்தக் குழு, கலைத்துவிடலாம் என்று இருக்கிறேன் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து இந்த ஊர்க் குழு ஒன்றின் நினைப்பாகவே இருக்கிறது. தி ஃப்ரேம்ஸ் என்று பெயர். நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். கதையே அதுதான்.

பாடகர் கிளென் ஹான்சார்ட். டப்ளினின் பாலிமன் பகுதிக்காரர். 13 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கிடாரைத் தூக்கிக்கொண்டு கிராஃப்டன் தெருவில் பாட வந்தவர். அந்தத் தெருவில் இன்றைக்கும் பத்தடிக்கு ஒருவர் பாடிக்கொண்டு நிற்கிறார். 1990இல் குழு தொடங்கியபோது பெயர் எப்படி வந்தது தெரியுமா? நண்பர்களின் சைக்கிள்களை இவர் பழுது பார்த்துக் கொடுப்பாராம். வீட்டு முற்றம் முழுக்கச் சைக்கிள் ஃப்ரேம்கள். 'ஃப்ரேம் கிடக்கும் வீடு' என்று அக்கம்பக்கத்தார் அடையாளம் சொல்ல, அதுவே குழுவுக்கும் நிலைத்துவிட்டது. நாம் ஒரு பெயருக்காக எத்தனை மாலைகளை டீக்கடையில் கழித்தோம்! கடைசியில் ஜோசியர் வைத்ததுதான் நின்றது. உன் மாமாவின் முகம் அன்றைக்குப் போன போக்கு இருக்கிறதே!

முதல் ஆல்பம் 1991இல் ஐலண்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் வந்தது. அத்தோடு அந்த உறவு முடிந்தது. அதே வருடம் ஹான்சார்ட், 'தி கமிட்மென்ட்ஸ்' படத்தில் கிடார் வாசிப்பவனாக நடித்தார். படம் பிரமாதமாக ஓடியது. ஊரெல்லாம் அவரை அந்தப் பாத்திரத்தின் பெயரால் கூப்பிட்டது. என் பாட்டை யார் கேட்கிறார்கள் என்ற கசப்பு அவருக்கு வெகுகாலம் இருந்தது. பிறகு இசைத் தயாரிப்பாளர் டிரெவர் ஹார்னின் இசட்டிடி நிறுவனத்துக்குப் போனார்கள். அங்கும் இரண்டு ஆல்பங்களோடு சரி. கடைசியில் சொந்தமாக நிறுவனம் வைத்து 2001இல் 'ஃபார் தி பேர்ட்ஸ்' ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதில் ஒரு பகுதியைச் சிகாகோவில் ஸ்டீவ் ஆல்பினியின் ஸ்டூடியோவில் பதிவு செய்தபோது, அங்கே வேலை பார்த்த ஒலிப்பதிவாளர் ராப் பாக்னிக் இவர்களோடு ஒட்டிக்கொண்டு பின்னால் குழுவின் கிடார் கலைஞராகவே ஆகிவிட்டார். நம் மைக்செட் அண்ணன் ஒருநாள் திடீரென்று தபேலாவில் உட்கார்ந்தாரே, அந்த மாதிரி. இவருக்கு வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அயர்லாந்துக்குள் இவர்கள் ராஜா. 2004இல் வந்த 'பர்ன் தி மேப்ஸ்' இங்கே முதலிடத்துக்குப் போனது. விகர் ஸ்ட்ரீட் அரங்கில் நடந்த கச்சேரியை 2003இல் 'செட் லிஸ்ட்' என்று வெளியிட்டார்கள். அதைக் கேட்டால்தான் இவர்கள் யாரென்று புரியும். ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஹான்சார்ட் ஊர்க்கதை பேசுகிறார். நிறுத்துவதே இல்லை. பாட்டுக்குள் கதை, கதைக்குள் வேறொருவர் பாட்டின் இரண்டு வரி, திரும்பவும் தன் பாட்டு. கூட்டம் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால், தான் ஒதுங்கிக்கொண்டு அவர்களைப் பாடவிடுகிறார். நம்மூர்க் கச்சேரியில் இப்படிப் பேசினால் கல் விழும். ஆனால் கடலைத் தாண்டிவிட்டால் இவர்களை விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்குத்தான் தெரியும். பதினைந்து வருடம் இப்படியே ஓடியது.

அப்புறம்தான் கூத்து. குழுவின் ஆரம்ப காலத்தில் பேஸ் கிடார் வாசித்துவிட்டு விலகிப்போனவர் ஜான் கார்னி. சினிமாவுக்குப் போனவர், தெருப்பாடகன் ஒருவனைப் பற்றி 'ஒன்ஸ்' என்று ஒரு சின்னப் படம் எடுக்கக் கிளம்பினார். நாயகனாக நடிக்க இருந்தவர் கிலியன் மர்ஃபி. பாட்டெழுத மட்டும் ஹான்சார்ட். மர்ஃபி விலகியதும், பாட்டெழுதியவரையே நடிக்க வைத்துவிட்டார்கள். ஜோடியாக மார்கெட்டா இர்க்லோவா என்ற செக் நாட்டுப் பெண். இருவரும் ஏற்கெனவே சேர்ந்து பாடிக்கொண்டிருந்தவர்கள். 17 நாளில் படப்பிடிப்பு முடிந்தது. தெருக்காட்சிகளில் கேமராவைத் தள்ளி மறைவாக வைத்து எடுத்ததால், போகிறவர்கள் படம் எடுப்பதே தெரியாமல் போய்க்கொண்டிருந்தார்கள். 2008 பிப்ரவரியில் 'ஃபாலிங் ஸ்லோலி' பாட்டுக்கு ஆஸ்கர். அந்தப் பெண்ணுக்கு அப்போது 19 வயது. வாய் திறப்பதற்குள் வாத்தியம் முழங்கி அவளை அனுப்பிவிட்டார்கள். நிகழ்ச்சியை நடத்திய ஜான் ஸ்டூவர்ட் விளம்பர இடைவேளைக்குப் பிறகு அவளைத் திரும்ப அழைத்துப் பேசவைத்தார். மனுஷன்!

இப்போது நான் சொல்ல வந்தது. அந்த ஆஸ்கர் பாட்டு, தி ஃப்ரேம்ஸின் 'தி காஸ்ட்' ஆல்பத்தில் 2006இலேயே இருக்கிறது. முழுக் குழுவும் வாசித்த பாட்டு. இப்படி முன்பே வெளிவந்த பாட்டுக்கு விருது கொடுக்கலாமா என்று கேள்விகூட எழுந்தது. படத்துக்காக எழுதியதுதான் என்று அகாடமி தீர்ப்புச் சொன்ன பிறகே போட்டியில் நின்றது. குழு வாசித்தபோது ஏறெடுத்துப் பார்க்காத உலகம், ஒரு கிடார், ஒரு பியானோ, இரண்டு குரல் என்றதும் தேடித் தேடிக் கேட்டது. விருதுக்குப் பிறகு அந்த இருவரும் 'தி ஸ்வெல் சீசன்' என்ற பெயரில் ஊர் ஊராகப் போனார்கள். பின்னால் நின்று வாசித்தவர்கள் யார்? தி ஃப்ரேம்ஸ்தான்! அதே பேஸ், அதே கிடார், அதே ஃபிடில். நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹால் வரைக்கும் போனார்கள். பலகையில்தான் வேறு பெயர்.

எனக்கு அந்த ஃபிடில்காரர் மேல்தான் கண். கால்ம் மக் கான் இமரா. தொடக்கத்திலிருந்தே குழுவில் இருப்பவர். ஹான்சார்ட் தொண்டை கிழியக் கத்தும்போது இவர் ஒரே சுரத்தை மெல்ல நீட்டிக்கொண்டு அடியில் நிற்பார். கத்தல் ஓய்ந்த பிறகுதான் அது இவ்வளவு நேரமும் அங்கே இருந்தது நமக்கே உறைக்கும். அவர் மனத்தில் என்ன ஓடியதோ, நான் கற்பனை செய்யப் போவதில்லை. ஆனால் அந்த 2008லேயே அவர் தன் ஃபிடிலை முன்னால் வைத்துத் தனியாக ஓர் ஆல்பம் போட்டார். பெரிய விளம்பரம் கிடையாது. அருமையான ஆல்பம். அதன் பிறகும் தி ஃப்ரேம்ஸ் மேடையில் அவர் தன் இடத்துக்கு வந்து நின்றார்.

சேகர், கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்தில் குழுவைப் பற்றிய கவலை கொஞ்சம், பொறாமை நிறைய. அதில் தப்பொன்றும் இல்லை. உன் இடத்தில் இருந்தால் நான் அந்தச் சுவரொட்டியைக் கிழித்திருப்பேன். ஆனால் பாபுவின் மேல் நீ வைத்திருக்கும் குற்றச்சாட்டு எனக்குப் பிடிபடவில்லை. கூப்பிட்டவர்கள் அவனைக் கூப்பிட்டார்கள், அவன் போனான். உங்களை வேண்டாமென்று சொன்னானா? சொல்லியிருந்தால் எழுது, நானே போன் போட்டு நாலு வார்த்தை கேட்கிறேன். சொல்லவில்லையென்றால், அடுத்த மாதக் கச்சேரிக்கு வாசிக்க ஆள் யார் என்று அவனிடமே கேள். வெளியாட்களை வைத்திருக்கிறான் என்றால் அப்போது கலைப்பதைப் பற்றிப் பேசலாம். பலகையில் உன் பெயர் வராது. பணம் ஒழுங்காக வரும், அதை முதலிலேயே பேசிவிடு. உனக்குப் பணம் பேச வராது, தம்பியை அனுப்பு.

எனக்கு வருத்தம் வேறொன்றில். உன் கீபோர்டில் நீயே போட்டு வைத்த அந்த மெட்டுகள் எங்கே? கல்யாணத்துக்கு முன்பு மொட்டைமாடியில் வாசித்துக் காட்டினாயே, மழைக்காலத்து மெட்டு ஒன்று, அதை யாருக்காவது வாசித்திருக்கிறாயா? பாபு பாட வேண்டிய அவசியமே இல்லாதது அது.

தங்கை வீட்டுக்காரர் பொங்கலுக்கு வருகிறார். அவர் கையில் 'செட் லிஸ்ட்', ஃபிடில் ஆல்பம், உன் பையன் கேட்ட ஷூ மூன்றும் கொடுத்தனுப்புகிறேன். ஷூ அளவைச் சரியாக எழுது, போன தடவை நீ எழுதியது உன் அளவு.

உன்
ரவி