பாப்பாவுக்கு, ரயன் டே விஷயமாக

காட்பாடி,
2.2.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

உங்கள் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி அமெரிக்கக் கால்பந்துக் கோப்பை வென்ற விழாவில் நீ எடுத்த படங்களை அம்மாவும் நானும் பார்த்தோம். அந்தக் குளிரில் காதை மூடாமல் நிற்கிறாய் என்று அம்மாவுக்குக் குறை. எனக்கு வேறு குறை. மேடையில் அணியின் பயிற்சியாளர் ரயன் டே பேசும்போது கைதட்டுகிற கூட்டத்தில் நீயும் இருக்கிறாய். நவம்பர் 30 அன்று இதே மனிதரை விடிவதற்குள் வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்று தொலைபேசியில் கத்தியவளும் நீதான். இரண்டுக்கும் நடுவே எட்டு வாரம். எந்த நாளில் மனம் மாறினாய் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் படத்தை மட்டும் அனுப்பிவிட்டாய். வாட்ஸ்அப்பில் கேட்டால் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பித் தப்பித்துக்கொள்வாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த இரவு இங்கே ஃபெஞ்சல் புயல். புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்துகொண்டிருந்தது. நம் தெருவில் மழை விடவில்லை, மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. உன் ஊர் கொலம்பஸில் நண்பகலில் தொடங்கிய ஆட்டம் நமக்கு இரவு பத்தரை. வாரம் முழுக்க உங்கள் வளாகத்தில் மிச்சிகனைக் குறிக்கும் ‘எம்’ என்ற எழுத்து கண்ட இடமெல்லாம் சிவப்பு நாடாவை ஒட்டி அடித்துவைத்திருக்கிறார்கள் என்று படம் அனுப்பிச் சிரித்திருந்தாய். உங்கள் பரம எதிரியான அந்த மிச்சிகன் அந்தப் பருவத்தில் ஏற்கெனவே ஐந்து ஆட்டம் தோற்ற அணி. ஒஹாயோ ஸ்டேட் தரவரிசையில் இரண்டாம் இடம். கடைசியில் 45 வினாடி இருக்கும்போது மிச்சிகன்காரர்கள் மூன்று புள்ளி தரும் ஒரு ஃபீல்டு கோல் உதைத்தார்கள். 13-10. மிச்சிகனிடம் தொடர்ந்து நான்காவது தோல்வி. பிறகு அவர்கள் நடுக்களத்தில் கொடி நட வந்ததும், கைகலப்பானதும், போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடித்ததும் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்றைய தோல்வி பயிற்சியாளர் தலையில்தான் விழ வேண்டும். இதில் உன்னோடு எனக்குச் சண்டை இல்லை. நான்கு முயற்சியில் பத்து கஜம் முன்னேற வேண்டும் என்பதுதானே அந்த ஆட்டத்தின் அடிப்படை? மிச்சிகனின் பலமெல்லாம் நடுவில் நின்ற மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்டும். ஆளுக்கு 140 கிலோவுக்கு மேல். கபடியில் மூலைக்காரனைத் தொடாமல் நடுவில் நிற்கிற தடியனையே போய்ப் போய் இடிப்பது போல, உங்கள் ஆட்கள் பந்தைத் தூக்கிக்கொண்டு அந்த இருவர் மேலேயே முட்டினார்கள். ஓரத்தில் ஜெரமையா ஸ்மித் நிற்கிறான். முதலாண்டு மாணவன், அவனைத் தனியாக நின்று மறிக்க ஆள் கிடையாது. அவனை விட்டுவிட்டு இப்படி ஒரு பிடிவாதம். போதாததற்கு இரண்டு உதை வேறு தவறியது. மறுநாள் இணையத்தில் துண்டுக் காட்சிகளைப் பார்க்கும்போது எனக்கே கை பரபரத்தது.

ஆனால் அதற்காக ஆளை மாற்ற வேண்டுமா? அன்று வரை அவர் கணக்கு 66 வெற்றி, 10 தோல்வி. அந்தப் பத்தில் நான்கு மிச்சிகனிடம் என்பதுதான் உங்கள் ஊருக்கு ஆறாத புண். ஊரின் வருத்தம் புரிகிறது. என்றாலும் இப்படி ஒரு கணக்கு வைத்திருப்பவரை ஓர் இரவில் துரத்தினால் அடுத்து வருகிறவர் எதை நம்பி வருவார்?

எனக்கு இந்தத் தொல்லையெல்லாம் இருந்ததில்லை. வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் பயிற்சியாளராக வேலைக்குச் சேர்ந்தேன். என் பையன்களில் பாதிப் பேர் ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் தோல் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். நம் கால்பந்தில் அவர்களுக்கு நிகர் யாருமில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். காலையில் பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம். அதற்கும் பில்லை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். ஆட்டம் பார்க்க வருகிறவர் மைதானத்து மூலை டீக்கடைக்காரர் ஒருவர்தான். தோற்றால் அவர் மட்டும், ‘என்ன சார் இப்படி ஆயிடுச்சு’ என்பார். உங்கள் அரங்கத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள். அணிக்காக ஏறத்தாழ 20 மில்லியன் டாலர் செலவு என்று உங்கள் விளையாட்டு இயக்குநரே சொன்னதாகப் படித்தேன். நம் பணத்தில் 170 கோடி. அவ்வளவு பணம் கொட்டியவர்கள் அவ்வளவு கோபப்படுவார்கள், அது இயல்பு. நீ எதைக் கொட்டினாய்? மாணவர் டிக்கெட். அதையும் டென்னசி ஆட்டத்துக்கு விற்றுவிட்டாய்!

இதை மட்டும் என்னால் விட முடியவில்லை. டிசம்பர் 21, தேசியக் கோப்பைக்குப் பன்னிரண்டு அணிகளைச் சேர்த்த புதிய போட்டியின் முதல் ஆண்டு, முதல் சுற்று, சொந்த மைதானத்தில். நீ வெறுப்பில் டிக்கெட்டை விற்றாய். உன்னைப் போலப் பலரும் விற்றிருப்பார்கள் போல. அரங்கத்தில் டென்னசியின் ஆரஞ்சுச் சட்டை அவ்வளவு தெரிந்தது. 42-17 என்று உன் அணி வென்றபோது உன் இருக்கையில் டென்னசிக்காரர் யாரோ குளிரில் நடுங்கிக்கொண்டிருந்திருப்பார்.

பிறகு ஓரிகனை 41-21. அக்டோபரில் ஒரே புள்ளியில் தோற்ற கணக்கு அதோடு தீர்ந்தது.

டெக்சாஸ் ஆட்டம்தான் எனக்கு இந்தப் பருவத்தின் உச்சம். அங்கே ஜனவரி 10 இரவு, இங்கே துவாதசிக் காலை. ஏகாதசிக்குக் கண் விழித்த அம்மா, பாரணைக்கு அகத்திக்கீரை ஆய்ந்தபடி உன் வீடியோ அழைப்பைச் செம்பில் சாய்த்து வைத்திருந்தார். நீ தொலைக்காட்சிக்கு எதிரே போனைப் பிடித்திருந்தாய். உன் கை ஆடிய ஆட்டத்தில் பந்தே தெரியவில்லை. 21-14. டெக்சாஸ் உங்கள் கோல் கோட்டுக்கு ஒரு கஜம் வரை வந்துவிட்டது. அங்கிருந்து பின்வாங்கி எட்டாவது கஜத்தில் நான்காவது முயற்சி. உங்கள் ஜாக் சாயர் பாய்ந்து, அவர்களுக்குப் பந்து எறிகிற குயின் யூவர்ஸ் கையிலிருந்த பந்தைத் தட்டி, தானே எடுத்து, 83 கஜம் ஓடினான். முன்பு இருவரும் ஒரே விடுதி அறையில் இருந்தவர்கள் என்று நீ மூச்சு வாங்கச் சொன்னாய். மிச்சிகன்காரர்கள் நட வந்த கொடியைப் பிடுங்கியதும் இதே சாயர்தான். அம்மா கீரையை அப்படியே போட்டுவிட்டு ‘ஓடுடா’ என்றார். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு தூரம் ஓடுவதை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

இறுதி ஆட்டத்தில் நோட்டர் டேம் 31-7 என்று கிடந்த நிலையிலிருந்து 31-23 வரை ஏறி வந்தது. அந்த நேரத்தில் மூன்றாவது முயற்சி, இன்னும் பதினொரு கஜம் வேண்டும். அப்போது ரயன் டே நடுவில் முட்டச் சொல்லவில்லை. உங்களுக்குப் பந்து எறிகிற வில் ஹோவர்டு நீளமாக எறிய, ஜெரமையா 56 கஜம் தள்ளிப் பிடித்தான். 34-23. நவம்பரில் செய்யாததை ஜனவரியில் செய்தார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்தது இது.

கோப்பை வந்ததால் மிச்சிகன் தோல்வி கழிந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். எப்படிக் கழியும்? போன ஆண்டு வரை நான்கு அணிகளுக்குத்தான் இடம். அந்த விதி இருந்திருந்தால் இரண்டு தோல்வியோடு வீட்டில்தான் உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கோப்பை நியாயமானதுதான், நான்கு நல்ல அணிகளை அடித்து வாங்கியது. மிச்சிகன் தோல்வியும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். இரண்டையும் ஒரே ஆள்தான் செய்தார்.

ஆகஸ்ட் 30 அன்று டெக்சாஸ் உங்கள் மைதானத்துக்கே வருகிறதாமே. டிக்கெட்டை விற்காதே. நவம்பரில் மிச்சிகன் ஆட்டத்துக்கு அவர்கள் ஊரான ஆன் ஆர்பர் போகப் போகிறாயா என்று இப்போதே சொன்னால், அம்மா அதற்குள் ஒரு கம்பளித் தொப்பி பின்னிவிடுவார். உன் பதிலில் ரயன் டே பற்றி ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா