வடகடலின் ஓசை

மண்டபம்,
ஐப்பசி, 2025.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

படப்பிடிப்பில் ஒலிப்பதிவு செய்யும் வேலையையே விட்டுவிடுகிறேன் என்று அன்றிரவு நீ போனில் அழுததிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. போனில் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

செப்டம்பர் 23 அன்று டெல்லி விஞ்ஞான் பவனில் நடந்த 71-வது தேசியத் திரைப்பட விருது விழாவை நானும் உன் அம்மாவும் பார்த்தோம். உன் படம் பட்டியலில் இல்லை என்பது ஆகஸ்டிலேயே தெரியும். இருந்தாலும் பார்த்தோம். எம்.எஸ். பாஸ்கர் விருது வாங்கியபோது உன் அம்மா எழுந்து நின்று கைதட்டினாள். பல வருடம் அடுத்தவர் வாய்க்கு டப்பிங் குரல் கொடுத்தவர், சின்னத்திரையில் வீடு வீடாகச் சிரிக்க வைத்தவர். அவர் அந்த மேடையில் நின்றதைப் பார்க்க எனக்கும் நெஞ்சு நிறைந்தது.

உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. படப்பிடிப்புத் தளத்திலேயே ஒலியைப் பதிவு செய்கிறவருக்கு முன்பு தனி விருது இருந்தது. அவர், ஒலி வடிவமைப்பாளர், எல்லா ஒலியையும் கடைசியாகக் கலப்பவர் என்று மூவருக்கும் தனித்தனியே 50,000 ரூபாய் கொடுத்தார்கள். 2024-ல் விதிகளைத் திருத்தியபோது மூன்றையும் ஒன்றாக்கி, ஒலி வடிவமைப்பாளருக்கு மட்டும் 2 லட்சம் என்று வைத்துவிட்டார்கள். தொகை கூடியது நல்லதுதான். ஆனால் வெயிலிலும் மழையிலும் மைக்கைத் தாங்கி நிற்பவரின் பெயர் அதில் விடுபட்டுவிட்டது. அது தவறு. யார் கேட்டாலும் தவறு என்றுதான் சொல்வேன்.

ஆனால், "விருதெல்லாம் வெறும் வேடம் அப்பா" என்றாயே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் டூரிங் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவன். புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சி எரிந்து தேயத் தேய, இரண்டு முனைக்கும் நடுவே இடைவெளி மாறாமல் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மங்கும், மணலில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் விசில் அடிப்பார்கள். அப்படி எத்தனையோ படம் ஓட்டினேன். எல்லாம் டிக்கெட் விற்கிற படங்கள். மற்ற படங்களின் பெட்டி இந்தக் கரைக்கு வந்ததே இல்லை.

அவற்றை நான் பார்த்தது தூர்தர்ஷனில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில். அப்போது நம் தெருவில் ஆண்டெனா எல்லாம் இலங்கையைப் பார்த்துத்தான் நிற்கும். அந்த நாட்டு ரூபவாஹினி டி.வி.தான் தெளிவாகத் தெரியும். நான் வெளியே நின்று கம்பத்தைத் திருப்புவேன். உன் அம்மா சன்னலில் இருந்து, "போதும், நிறுத்துங்கள்" என்பாள். திரை முழுக்கப் புள்ளி மழை. அதற்குள்ளே ஒரு வாரம் வங்காளப் படம், ஒரு வாரம் கன்னடம். தேசிய விருது வாங்கிய படங்கள் என்று போடுவார்கள். நம் பரமக்குடி சாருஹாசன் 1986-ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகர் விருது வாங்கியதும் ஒரு கன்னடப் படத்துக்குத்தான்.

ஒரு படத்தில் ஒரு பெண் நெல் குத்திக்கொண்டிருந்தாள். வசனமே இல்லை. உன் அம்மா அடுப்படியில் இருந்தாள், திரையைப் பார்க்கவில்லை. "உமி கழன்றுவிட்டது, சத்தம் மாறிவிட்டது பாருங்கள்" என்றாள். எந்த ஊரிலோ யாரோ ஒருவர் அந்த உரலுக்குப் பக்கத்தில் மைக்கோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அந்த விருது இல்லாவிட்டால் அந்தச் சத்தம் நம் வீட்டுக்குள் வந்திருக்காது, தாயி.

உன் படத்தை ராமநாதபுரத்தில் போய்ப் பார்த்தோம் அல்லவா? கடல் என்றால் அலை இரைய வேண்டும் என்று எல்லோரும் சொன்னபோது, வடகரையில் நடக்கும் காட்சிக்குத் தென்கடலின் இரைச்சலைப் போடக் கூடாது என்று நீ பிடிவாதமாக நின்றாயாம். விடியும் முன்னே போய், கட்டியிருந்த வள்ளத்தின் அடிப்பலகையைத் தண்ணீர் நக்குகிற ஓசையைப் பிடித்து வந்தாய். பெண் கடல் என்று நாம் சொல்கிற, அலை அடங்கிய வடகடல் அப்படித்தான் பேசும். தியேட்டரில் அந்த இடம் வந்ததும் எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இது நம் வடகடல்" என்றார். படத்தில் ஊர்ப் பெயர் எங்கேயும் வரவில்லை. இதை அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

2018-ல், குடியரசுத் தலைவர் 11 பேருக்கு மட்டுமே தம் கையால் விருது தருவார் என்று தெரிந்ததும், விருது பெற்றவர்களில் 50 பேருக்கு மேல் விழாவுக்குப் போகவில்லை. விருதை மதித்ததால்தான் அவர்களுக்கு அவ்வளவு வலித்தது. நீங்களும் அப்படிக் கேளுங்கள். உன்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, நீக்கிய அந்தத் தனி விருதை மறுபடியும் கொண்டுவாருங்கள் என்று எழுதுங்கள். வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லாதே.

இங்கே வாடைக்காற்று தொடங்கிவிட்டது. வடகடல் இப்போது நீ பதிவு செய்த கடலாக இல்லை, இரவெல்லாம் இரைகிறது. வள்ளங்களைத் தென்பக்கம் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள். இந்த இரைச்சலை நீ இன்னும் பிடிக்கவில்லை. தை வரைக்கும் இருக்கும். வரும்போது மைக்குக்கு மாட்டும் அந்த ரோமச் சட்டையை மறக்காமல் எடுத்து வா, காற்று பலமாக இருக்கிறது.

அன்புடன்,
அப்பா