அமூர் புலிக்குப் பகை குளிரா, பசியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமூர் புலியைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ரஷ்யாவின் தூரக் கிழக்கில், சிக்கோட்டே-அலின் மலைக்காடுகளில், மைனஸ் 30 டிகிரி வரை குளிர் இறங்கும் மாதங்களை அந்தப் புலி தாண்டுவதற்கு அதன் அடர்ந்த ரோமமே காரணம் என்று கட்டுரை சொல்கிறது. அது தவறில்லை, ஆனால் பாதிதான். பல ஆண்டுகள் பள்ளியில் விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில், மீதிப் பாதியையும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

குளிரைத் தாங்கும் ஏற்பாடு அமூர் புலியின் உடலிலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் அதன் ரோமம் நீண்டு, அடர்ந்து, நிறம் வெளிறிவிடும். வயிற்றிலும் விலாவிலும் ஐந்து சென்டிமீட்டர் வரை கொழுப்பு படியும். ஆனால் அதே காட்டில் வாழும் கரடியைப் போல, சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டு வசந்தம் வரை உறங்கிக் கிடக்கப் பூனைக் குடும்பத்து விலங்கு எதனாலும் முடியாது. ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு பெரிய இரையாவது அதற்கு வேண்டும். குட்டிகளோடு திரியும் தாய்க்கு இன்னும் அதிகம். ஆகவே குளிர்காலத்தில் அதற்கு உண்மையான பகை பசிதான்.

அந்தக் காட்டில் இரையும் நெருக்கமாகக் கிடைப்பதில்லை. இரை மிகுந்த நம் காடுகளில் ஒரு பெண்புலிக்கு 20 சதுர கிலோமீட்டர் அளவு போதுமென்றால், அங்கே சுமார் 400 சதுர கிலோமீட்டர் தேவைப்படுகிறது. ஆழமான பனியில் கால் புதைவதால் புலி உறைந்த ஆறுகளின் மேலும், மானும் பன்றியும் மிதித்த தடங்களிலும், மரம் வெட்டுவோர் போட்ட சாலைகளிலும் நடக்கிறது. அந்தச் சாலைகளில்தான் கள்ள வேட்டைக்காரர்களும் வருகிறார்கள் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாமல் போனது காட்டுப்பன்றி. அமூர் புலியின் முதன்மை இரைகளில் ஒன்றான அது, கொரியப் பைன் மரத்தின் விதைகளையும் ஓக் கொட்டைகளையும் பனிக்கடியில் கிளறித் தின்றுதான் உயிர் பிழைக்கிறது. விதை காய்க்காத ஆண்டில் பன்றி மெலிகிறது. அதோடு பனியும் மிகுந்தால், குட்டைக் கால்களால் நகர முடியாமல் கூட்டங்கூட்டமாக மடிகிறது. அந்தச் சமயத்தில் புலிக்கு வேட்டை எளிதாகலாம், ஆனால் அடுத்த குளிர்காலத்தில் காடு வெறுமையாகிவிடும். 2019-இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அப்பகுதிக்குப் பரவிப் பன்றிகள் குறைந்த பிறகு, பசித்த புலிகள் ஊர்களுக்குள் நுழைந்து நாய்களைத் தூக்கிச் சென்றதற்கு இந்தப் பின்னணியும் உண்டு.

1940-களில் சில பத்துகளாகச் சுருங்கிவிட்ட இந்தப் புலிகள், 1947-இல் சோவியத் அரசு வேட்டையைத் தடைசெய்த பிறகே மெல்லப் பெருகி, பனியில் பதிந்த கால்தடங்களைக் கொண்டு 2015-இல் எடுத்த கணக்கெடுப்பில் ஐந்நூறைத் தாண்டின. வேட்டைத் தடைக்கு இணையாக, 2010-இல் கொரியப் பைனை வெட்டுவதற்கு விதிக்கப்பட்ட தடையையும் புலியைக் காக்கும் சட்டமாகவே நான் கருதுகிறேன். தாங்கள் இத்தொடரின் அடுத்த பகுதியை வெளியிடும்போது, அந்த மரத்துக்கும் பன்றிக்கும் ஒரு பக்கமாவது ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
திண்டுக்கல்.