தண்ணீர் கேட்ட மாணவியும் நாம் கேட்க வேண்டிய பரிசோதனையும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

சென்ற பருவத்தில் நம் பள்ளியில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளையின் பெற்றோரிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன்.

ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி அடிக்கடி கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தாள். மதியத்துக்குள் தண்ணீர் பாட்டிலை மூன்று தடவை நிரப்பினாள். பாடத்தைத் தட்டிக்கழிக்கிறாள் என்று நாங்கள் நினைத்தோம். நானே ஒருநாள் அறைக்குக் கூப்பிட்டுக் கண்டித்தேன். வளர்கிற வயசு, அதனால்தான் மெலிகிறாள் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் வாந்தியும் மூச்சிரைப்புமாக அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். டைப் 1 சர்க்கரை நோய். இன்சுலின் இல்லாததால் உடல் கொழுப்பை எரித்து, கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறியிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் மருத்துவர். அவள் தேறி வந்துவிட்டாள். நான் கண்டித்தபோது தலைகுனிந்து நின்ற அவள் முகம் மட்டும் என் மனதை விட்டுப் போகவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இனிப்பு தின்றதால் இந்த நோய் வருவதில்லை. பெற்றோர் செய்த தவறும் இல்லை. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு மண்டலமே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. டைப் 1 வரும் பிள்ளைகளில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்குக் குடும்பத்தில் அந்த நோய் இருந்ததே இல்லை.

அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத மெலிவு, ஓயாத சோர்வு. இரவில் படுக்கையை நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று நனைத்தாலும் கவனியுங்கள். இவற்றைப் பார்த்தால் அன்றைக்கே ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் போதும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

பள்ளியிலேயே எல்லாருக்கும் சர்க்கரை பார்த்துவிட்டால் என்ன என்று பலர் கேட்டீர்கள். நல்ல கேள்வி. ஜப்பானில் 1992 முதல் பள்ளி மருத்துவப் பரிசோதனையிலேயே சிறுநீரில் சர்க்கரை பார்க்கிறார்கள். டைப் 2 என்பது பெரியவர்களிடம் அதிகம் காணும் சர்க்கரை நோய்; அது வந்தும் எந்த அறிகுறியும் காட்டாத பிள்ளைகளைக் கண்டுபிடிக்க அது உதவுகிறது. ஆனால் டைப் 1 அப்படிக் காத்திருக்காது. இன்று சர்க்கரை சரியாக இருந்த பிள்ளைக்குச் சில மாதங்களில் ஏறிவிடலாம். அதை முன்கூட்டியே அறிய வேறொரு பரிசோதனை உண்டு. பீட்டா செல்களுக்கு எதிராக உடல் உருவாக்கும் ஆன்டிபாடிகள், நோய் வெளிப்படுவதற்குப் பல மாதங்கள், சில சமயம் பல ஆண்டுகள் முன்பே ரத்தத்தில் தெரியும். இரண்டு வகையோ அதற்கு மேலோ இருந்தால் ஒருநாள் நோய் வருவது ஏறக்குறைய உறுதி.

தெரிந்து என்ன செய்ய? நான் சந்தித்த குழந்தை மருத்துவரிடம் நானும் இதையேதான் கேட்டேன். முதலாவது, பெற்றோரும் பள்ளியும் தயாராக இருப்பார்கள். அந்த மாணவிக்கு நேர்ந்ததுபோல் மூச்சுத் திணறிய பிறகு மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்காது. இரண்டாவது, டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2022 நவம்பரில் அனுமதி கிடைத்தது. ஆன்டிபாடி இருந்து, சர்க்கரையும் லேசாக மாறத் தொடங்கியவர்களில் 8 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அதைக் கொடுக்க அப்போது அனுமதித்தார்கள். முக்கியமான ஆய்வில் அது நோயை ஏறத்தாழ 2 ஆண்டு தள்ளிப்போட்டது. இரண்டு ஆண்டுதானா என்று தோன்றும். தினசரி இன்சுலின் ஊசியும் தினசரி ரத்தச் சோதனையும் இல்லாத இரண்டு பள்ளி ஆண்டுகள் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெரிது என்று அந்த மாணவியின் அம்மாவுக்குத் தெரியும்.

அந்த ஆய்வு மக்களின் வரிப்பணத்தால் நடந்தது என்பதுதான் நான் இதையெல்லாம் எழுதக் காரணம். அமெரிக்க நாடாளுமன்றம் 1997-இல் சர்க்கரை நோய்க்கென்றே தனி நிதித் திட்டம் ஒன்றை உருவாக்கியது. டைப் 1 ஆராய்ச்சிக்குப் பல ஆண்டுகள் அதிலிருந்து ஆண்டுதோறும் 15 கோடி டாலர் போனது. அதையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கேட்டுக் கேட்டுத்தான் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. இத்தாலி இன்னொரு படி மேலே போய், 1 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு டைப் 1 பரிசோதனையை அரசே நடத்த வேண்டும் என்று 2023-இல் சட்டமே இயற்றியது.

நூறு ஆண்டுக்கு முன், 1922 ஜனவரியில், கனடாவின் டொரன்டோவில் இன்சுலின் ஊசி போட்டு முதலில் காப்பாற்றப்பட்டவன் 14 வயதுப் பையன். பள்ளிக்குப் போகும் வயசு. மறு ஆண்டு இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரன்டோ பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் உயிர் எல்லாருக்கும் பொதுவான பொறுப்பு என்று அவர்கள் நினைத்ததாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். வசதி உள்ளவர் தனியாகப் போய் ஆன்டிபாடி பார்த்துக்கொள்வார். மற்றவர் பிள்ளை மயங்கி விழுந்த பிறகு தெரிந்துகொள்ளட்டும் என்று நாம் விடக்கூடாது.

அதனால் சுகாதாரத் துறைக்கும் நம் மக்கள் பிரதிநிதிக்கும் ஒரு மனு எழுதியிருக்கிறோம். பள்ளிப் பிள்ளைகளின் பரிசோதனைக்கும் ஆராய்ச்சிக்கும் நிலையான அரசு நிதி வேண்டும் என்று கேட்கிறோம். இன்னொன்றையும் அழுத்திச் சேர்த்திருக்கிறேன்: ரத்தம் எடுத்துவிட்டுக் கையில் ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்து அனுப்பும் திட்டம் வேண்டாம். ஆன்டிபாடி இருப்பதாகத் தெரியும் குடும்பத்துக்கு ஆலோசனையும் தொடர் கவனிப்பும் அதே நிதியில் கிடைக்க வேண்டும். பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் பரிசோதனை கூடாது. முடிவு வகுப்பில் யாருக்கும் தெரியவும் கூடாது.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மனு என் மேசையில் இருக்கும். படித்துப் பார்த்து, சரி என்று பட்டால் கையெழுத்திடுங்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், உட்கார்ந்து பேசலாம்.

அப்புறம், இந்த வாரம் முதல் நம் பள்ளியில் எந்தப் பிள்ளையும் தண்ணீர் குடிக்கவோ கழிப்பறை போகவோ காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஒரு பிள்ளை வழக்கத்தைவிட அடிக்கடி போனால், அன்று மாலையே வகுப்பாசிரியர் உங்களைத் தொலைபேசியில் அழைப்பார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்